ஒதுக்கப்படும் காயில் நஞ்சு உண்டா?

காய்கறிக் கடையில் ஒரு பொருளை வாங்குவதா விடுவதா என்பதைப் பெரும்பாலும் கண்ணே முடிவு செய்கிறது. தோலில் கறை, முளை, வளைவு, கருப்புப் பொடி, அளவுக்கு மீறிய பளபளப்பு என ஏதேனும் ஒன்று தென்பட்டால் கை அடுத்த காய்க்குப் போய்விடும். இப்படி ஒதுக்கப்படுபவற்றில் சில உண்மையிலேயே ஆபத்தானவை. பல எந்தக் கெடுதலும் இல்லாதவை. குறை எதுவும் தெரியாமல் பையில் ஏறி வீட்டுக்கு வரும் சிலவற்றில் நஞ்சு இருப்பதும் உண்டு.

அழுகலையும் பூஞ்சணத்தையும் கண்டால் எழும் அருவருப்பு, நோய்க்கிருமிகளிடமிருந்து உடலைக் காக்க உருவான உணர்வு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் பால் ரோசின் இதை விரிவாக ஆராய்ந்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி நீக்கிய செத்த கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் முக்கி எடுத்தார்கள். பூச்சியில் கிருமி இல்லை என்று தெரிந்திருந்தும், பங்கேற்றவர்களுக்கு அந்தச் சாற்றைக் குடிக்கும் விருப்பம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று அருவருப்பு கணக்குப் பார்ப்பதில்லை. கெட்டுப்போனது போலத் தோன்றும் எதையும் அது தள்ளச் சொல்கிறது.

கண் தவறாக ஒதுக்குபவை

காயின் வடிவத்துக்கும் அதன் சத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. நீர் சீராகக் கிடைக்காவிட்டாலும், மகரந்தச் சேர்க்கை முழுமையடையாவிட்டாலும் வெள்ளரிப்பிஞ்சு வளைந்து வளரும். சுவையோ பாதுகாப்போ இதனால் கெடுவதில்லை. ஆனால் நேரான காய்களைப் பெட்டியில் எண்ணி அடுக்குவது வியாபாரத்துக்கு வசதி. ஐரோப்பாவில் 1988இல் வந்த விதிப்படி, முதல்தர வெள்ளரி 10 செ.மீ. நீளத்துக்கு 10 மி.மீ.க்கு மேல் வளைந்திருக்கக் கூடாது. வெள்ளரி உட்பட 26 வகைக் காய்கனிகளுக்கான இத்தகைய விதிகள் 2009 ஜூலையில் விலக்கிக்கொள்ளப்பட்டன. 2014இல் பிரான்சின் இன்டர்மார்ஷே கடைகள் கோணல்மாணலான காய்கனிகளை 30 சதவீதம் விலை குறைத்து விற்றன.

ஆப்பிள் விஷயத்தில் பளபளப்பே சந்தேகத்தைக் கிளப்புகிறது. தோலின் மீது கத்தியைச் சாய்த்துச் சுரண்டினால் வெண்ணிறத் துருவலாக மெழுகு திரண்டு வரும். ஆப்பிள் தன் தோலில் இயற்கையாகவே மெழுகை உண்டாக்குகிறது. பறித்த பின் கழுவும்போது அதில் ஒரு பகுதி போய்விடும். பழம் நீர் வற்றிச் சுருங்காதிருக்க அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று தரப்படுகிறது. தேன்மெழுகு, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கர்னோபா மெழுகு, அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் ஷெல்லாக் ஆகியவற்றை, லேபிளில் குறிப்பிட்டுப் பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருகின்றன. ஒரு பழத்துக்கு ஓரிரு துளிகளே போதும். வயிற்றுக்குள் போகும் மெழுகு செரிக்காமல் வெளியேறிவிடும்.

வாழைப்பழத்தின் கரும்புள்ளிகளும் அழுகலின் அடையாளம் அல்ல. காயாக இருக்கும்போது அதன் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அதில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறுகிறது. அதே வேளையில் தோலின் செல்கள் சிதைந்து, அவற்றிலுள்ள பீனால் சேர்மங்கள் நொதியின் துணையுடன் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பழுப்பாகின்றன. புள்ளி விழுந்த பழம் இனிப்பு ஏறிய பழம்.

வெங்காயச் சருகின் அடியில் கரித்தூள் போலப் படிந்திருப்பது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சை. மேல் அடுக்கோடு அது நின்றிருந்தால் அந்த அடுக்கை உரித்தெறிந்து, கழுவிச் சமைக்கலாம். உள்ளே இறங்கி வெங்காயம் கொழகொழத்திருந்தால் வாங்காமல் விடுவதே சரி.

கண் சரியாக ஒதுக்குபவை

பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கை ஒதுக்குவதில் நியாயம் இருக்கிறது. உருளைக்கிழங்கு வேர் அல்ல. மண்ணுக்கடியில் பருத்த தண்டு. எனவே வெளிச்சம் பட்டால் இலையைப் போலவே பச்சையத்தை உண்டாக்கும். பச்சையத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சம் சோலனைன், சாக்கோனைன் என்ற கசப்பு நஞ்சுகளின் உற்பத்தியையும் தூண்டுகிறது. பூச்சிகளையும் பூஞ்சைகளையும் விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதங்கள் இவை. தோலிலும் கண்களிலும் முளையிலும் இவை அதிகம். சாதாரணக் கிழங்கில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்கும். 200 மில்லிகிராமைத் தாண்டினால் உண்ணத் தகாதது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. நிறமும் நஞ்சும் தனித்தனி வினைகளால் உண்டாகின்றன என்றாலும், இரண்டையும் ஒரே வெளிச்சம் தூண்டுவதால் பச்சை நிறம் நல்லதோர் எச்சரிக்கை ஆகிறது.

லண்டன் பள்ளி ஒன்றில் ஒருமுறை மதிய உணவு சாப்பிட்ட 78 மாணவர்கள் நோயுற்றார்கள். அவர்களில் 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. முந்தைய பருவத்தில் வாங்கி மூட்டையில் எஞ்சியிருந்த உருளைக்கிழங்கே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. சாப்பிட்டு ஏழு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். வேகவைப்பதால் இந்த நஞ்சுகள் அழிவதில்லை. சிறு இடத்தில் மட்டும் பச்சை தெரிந்தால் அதைச் சதையோடு தடிமனாகச் சீவி, முளையைக் குடைந்து எடுத்துவிட்டால் போதும். சதை வரை பச்சை ஏறிய கிழங்கையும் கசக்கும் கிழங்கையும் எறிந்துவிட வேண்டும்.

புடைத்த டப்பா உணவும் இந்த வகையைச் சேர்ந்தது. காற்றில்லாத இடத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா, நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கிறது. அது வெளியிடும் வாயு டப்பாவின் மூடியை மேலே தள்ளும். புடைத்த, கசியும் டப்பாவைச் சுவைத்துப் பார்ப்பதும் ஆபத்து. மிகச் சிறு அளவு நஞ்சே உயிரைப் பறிக்கும்.

நாக்கு கண்டுபிடிப்பவை

சுரைக்காயில் கண் ஏமாந்துபோகும். பிஞ்சாக, வழவழப்பாக, பார்க்க அழகாக உள்ள காயிலும் குகர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் மிகுந்திருக்கலாம். வெள்ளரி, பூசணிக் குடும்பச் செடிகள் தம்மைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து தப்ப உண்டாக்குவது இது. உடல்நலத்துக்கென்று பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடித்தவர்கள் சிலர் இரத்த வாந்தியும் கடும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் கண்டார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. இதை ஆராய அமைக்கப்பட்ட நிபுணர் குழுவின் அறிக்கை 2012இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. கசக்கும் சாற்றை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பும் வழக்கம் மிகவும் பயனுள்ளது.

கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாதவை

கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம் என்று சந்தேகப்பட்டு வாங்காமல் போவோர் தமிழ்நாட்டில் ஏராளம். கால்சியம் கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வெளிவந்து காயைப் பழுக்கச் செய்யும். கல்லில் கலந்துள்ள ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகளே முக்கியக் கவலை. இந்தியாவில் இம்முறைக்குத் தடை உள்ளது. பழம் தானே பழுக்கும்போது உண்டாக்கும் எத்திலீன் வாயுவை, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை செலுத்திப் பழுக்கவைக்க அனுமதி உண்டு. வாழைத்தார்களுக்கு மூட்டம் போடும் பழைய முறையும் புகையிலுள்ள எத்திலீனை நம்பியதே. கல் வைத்தாலும் எத்திலீன் செலுத்தினாலும் தோல் ஒரே சீராக மஞ்சளாவதால், நிறத்தைப் பார்த்து மட்டும் கல் வைத்த பழத்தை அடையாளம் காண முடியாது.

நிலக்கடலையின் ஆபத்து இன்னும் மறைவானது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தை ஆராய்ந்தபோது, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சின் வெளிச்சத்துக்கு வந்தது. இது கல்லீரலைச் சிதைக்கும்; புற்றுநோயையும் உண்டாக்கும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்து இதே பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற 397 பேர் நோயுற்று, 106 பேர் இறந்தார்கள்.

கடலையை வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது. பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டாலும் நஞ்சு பருப்பினுள் தங்கியிருக்கும். சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் பருப்பைக் கழித்துவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி குறையும்; நல்ல பருப்புபோல் தெரிவதில் ஒளிந்திருப்பதை வாங்குபவரால் கண்டுபிடிக்க இயலாது. பறித்த கடலையை உடனே காயவைத்து, பருப்பின் ஈரத்தை 7, 8 சதவீதத்துக்கு இறக்கி, நனையாத கிடங்கில் வைப்பதும், சந்தைக்கு வருமுன் மாதிரி எடுத்துச் சோதிப்பதுமே அதற்கு வழி.