பையைப் பார்த்து மயங்காதீர்! "டூப்பு" என்றதும் கலங்காதீர்!

கூத்தாநல்லூர்,

புருஷன் சபருக்குப் போய்ச் சம்பாதித்து ஆசையாக வாங்கி வந்த வெளிநாட்டு ஹேண்ட்பேக். பத்து வருஷமாகத் துணி சுற்றி பீரோவில் இருக்கிறது. மகள் காலேஜ் பீஸுக்குப் பணம் குறைகிறது. "சரி, இதை வித்துப்புடலாம்" என்று வெளியே எடுக்கிறார் அந்த அம்மா. வாங்க வந்த ஆள் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்: "இது டூப்ளிகேட்டும்மா!"

அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? பணம் போனது ஒரு பக்கம். "கடைக்காரன் அவரை ஏமாத்துனானா, இல்லே அவரே என்னை ஏமாத்துனாரா?" என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். போனில் சண்டை வெடிக்க வேறென்ன வேண்டும்?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயரெடுத்த கூத்தாநல்லூரில் நடக்கக்கூடிய காட்சி. கோடாலித் தைலமும் ஜார்ஜெட் சேலையும் வந்த சபராளிகளின் பெட்டியில் இப்போது ஹேண்ட்பேக்கும் வருகிறது. எனவே பழைய பையை விற்பவர்களும் வாங்குபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் சில உண்டு.

பழசுக்கு 86 கோடி!

"பழைய பைக்கா இந்த அமர்க்களம்?" என்று கேட்காதீர்கள்.

2025 ஜூலையில் பாரிஸ் நகரில் ஓர் ஏலம் நடந்தது. நடிகை ஜேன் பர்கின் உபயோகித்த, கீறல் விழுந்த கறுப்புத் தோல் பை ஏலத்துக்கு வந்தது. 'ஹெர்மெஸ்' கம்பெனி அவருக்காகவே முதன்முதலாகச் செய்து கொடுத்த பை அது. போன விலை 86 லட்சம் யூரோ! நம்ம காசுக்கு ஏறக்குறைய 86 கோடி ரூபாய்!

மூடியில் அவர் பெயரின் முதல் எழுத்துக்கள், தொங்கும் நகவெட்டி, ஸ்டிக்கர் ஒட்டிய தடம் எல்லாம் 'இது அவர் பைதான்' என்பதற்குச் சாட்சி. சாட்சி இருந்ததால்தான் கீறலுக்கும் விலை கிடைத்தது.

மலேசியாவில் 2018-ல் முன்னாள் பிரதமர் நஜீப் ரசாக் தொடர்புடைய வீடுகளில் போலீஸ் நடத்திய சோதனையில் சிக்கிய ஹேண்ட்பேக்குகள் மட்டும் 567. பை என்பது பணம். பணம் இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும்!

தலைகீழாக இருந்தால் போலியா?

நம்மூரில் முதலில் சொல்லும் குற்றச்சாட்டு, "இது தோலே இல்லை, பிளாஸ்டிக்" என்பது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

'லூயி வுய்ட்டன்' பைகளில் எழுத்தும் பூவும் போட்ட பழுப்பு நிற ரகம் உலகப் பிரசித்தம். அதன் உடம்பு தோல் அல்ல. மேலே பூச்சுக் கொடுத்த கித்தான் துணி! கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான் தோல். அந்த எழுத்து டிசைனே 1896-ல், காப்பியடிப்பவர்கள் தொல்லை தாங்காமல் போட்டதுதான். இன்று அதிகம் காப்பியடிக்கப்படுவதும் அதுதான் என்பது வேடிக்கை!

இன்னொன்று. 'ஸ்பீடி' போன்ற சில பைகளில் ஒரு பக்கம் எழுத்து நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் இருக்கும். "பாத்தியா, தலைகீழா தச்சிருக்கான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நடுவே வெட்டாமல் ஒரே துணியை மடித்துத் தைப்பதால் வருவது அது. அசலிலும் அப்படித்தான்!

அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் "டூப்பு" என்று சொல்லக் கையில் எடுக்கும் ஆயுதமும் இதுவே. உஷார்!

78-வது வாரம் உண்டா?

1980-களில் இருந்து 2021 வரை செய்த 'லூயி வுய்ட்டன்' பைகளுக்குள்ளே எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறி ஒன்று இருக்கும். 2007-க்குப் பிறகு செய்த பையில் எண் 2164 என்றிருந்தால், முதலாவதும் மூன்றாவதும் வாரம்: 26. இரண்டாவதும் நாலாவதும் வருஷம்: 14. அதாவது 2014-ம் ஆண்டு 26-வது வாரம் செய்தது.

7184 என்று இருந்தால்? 78-வது வாரம்! வருஷத்துக்கு ஏது அத்தனை வாரம்? போலி குட்டு வெளிப்பட்டுவிட்டது.

ஆனால், எண் சரியாக இருப்பதால் மட்டும் பை அசலாகிவிடாது. சரியான எண்ணைப் பார்த்து அடிக்கவும் ஆசாமிகள் இருக்கிறார்கள். எண் இல்லை என்பதால் போலி என்றும் சொல்ல முடியாது. 2021 முதல் குறிக்குப் பதில் உள்ளே மைக்ரோசிப் வைத்துவிடுகிறார்கள்.

கார்டு இருந்தால்தான் ஆபத்து!

"அசல் சர்டிபிகேட் கார்டே இருக்கு" என்று 'ஹெர்மெஸ்' பையோடு ஒரு கார்டை நீட்டினால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். அந்தக் கம்பெனி அப்படிக் கார்டு கொடுப்பதே கிடையாது! தையலைப் பாருங்கள். இரண்டு ஊசி கொண்டு கையால் போட்ட தையல் லேசாகச் சாய்ந்திருக்கும்.

'ஷனேல்' பூட்டில் பின்னிய இரண்டு 'சி' எழுத்தைக் கவனியுங்கள். மேலே வலது எழுத்து முன்னால் வரும். கீழே இடது எழுத்து முன்னால் வரும். கட்டம் கட்டமான தையல், பாக்கெட் வரும் இடத்திலும் கோடு தவறாமல் சேர வேண்டும்.

'லூயி வுய்ட்டன்' கைப்பிடித் தோல், வெயிலும் கை வியர்வையும் பட்டுத் தேன் நிறத்துக்கு மாறும். "பத்து வருஷம் தூக்கினேன்" என்று சொல்லும் பையில் பிடி வெள்ளை வெளேரென்று இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மெஷினும் வந்தாச்சு!

மைக்ராஸ்கோப் படத்தைக் கம்ப்யூட்டரிடம் காட்டி அசலா போலியா என்று கேட்கும் முறையும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 'என்ட்ரூபி' கம்பெனி இதைச் செய்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியரான லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன். 98 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்கிறது என்று 2017-ல் அறிவித்தார்கள். மெஷினே நூற்றுக்கு நூறு என்று சொல்லவில்லை. புரட்டிப் பார்த்த ஆள் ஒரே நிமிஷத்தில் சொன்னதை வேதவாக்காக எடுக்கலாமா?

நகைக்கு ஹால்மார்க் உண்டு. பைக்கு அப்படி அரசாங்க முத்திரை கிடையாது. துணி, தோல், தையல், பூட்டு, எண், பில் எல்லாம் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் உரைகல்.

வாங்குபவர்கள் பகல் வெளிச்சத்தில் பையைக் கையில் வாங்கிப் பாருங்கள். போட்டோவை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். "அசல் இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று எழுதி வாங்குங்கள். கடையில் ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. போலி முத்திரைச் சரக்கு விற்றால் 1999-ம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், அபராதமும் உண்டு.

அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை. புருஷனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்குமுன், இன்னும் இரண்டு பேரிடம் பையைக் காட்டுங்கள் தாயே! ஒருவேளை பை அசலாக இருக்கலாம். வாங்க வந்தவர்தான் டூப்பாக இருக்கலாம்!