கூண்டு எங்க கட்டினது?

ஓசூர், சேலம், நாமக்கல்னு கரூருக்கு வர்ற ஹைவேல இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. கூரை கிடையாது, கதவு கிடையாது. ரெண்டு நீள இரும்புச் சட்டம், ஒரு இன்ஜின், சக்கரங்கள். ஹெல்மெட் போட்டு, முகத்துல துண்டைச் சுத்திக்கிட்டு ஒருத்தர் வெட்டவெளியில உட்கார்ந்து ஓட்டிட்டுப் போவார். அதுதான் சேசிஸ். கரூர் பட்டறைல அதுக்கு மேல கூண்டு கட்டுவாங்க. அப்புறம் அதே ரோட்டுல வேடசந்தூர் வழியா திண்டுக்கல்லுக்கு அது முழு பஸ்ஸா வரும்.

ஒரு பஸ்ஸை ஏன் ரெண்டு பேர் செய்யணும்? இந்தப் பழக்கம் நமக்கு பிரிட்டன் வழியா வந்தது. குதிரை வண்டிக்குக் கூண்டு செஞ்ச தச்சர்கள்தான் அங்க பஸ்ஸுக்கும் கூண்டு கட்ட ஆரம்பிச்சாங்க. 1940கள்ல ஓடின பெட்ஃபோர்டு ஓபி-யை எடுத்துக்கோங்க. சேசிஸ் செஞ்சது பெட்ஃபோர்டு, கூண்டு பெரும்பாலும் டூப்பிள். மரச்சட்டத்து மேல தகடு அடிச்சு, 29 சீட். அடியில இருந்தது கிட்டத்தட்ட லாரிதான். மேல அவ்வளவு வளைவும் நளினமும்! இன்னைக்கும் அங்க பழைய பஸ் பிரியர்கள் அதைத் துடைச்சுத் துடைச்சு ஓட்டுறாங்க.

லேலண்ட்ங்கிறதும் இங்கிலாந்துல ஒரு ஊர் பேர்தான். 1948ல சென்னையில ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ், 1951ல லேலண்ட் காமெட்டை இங்க பூட்ட ஆரம்பிச்சது. 1955ல அசோக் லேலண்ட் ஆச்சு. சேசிஸ் அவங்களோடது, கூண்டு நம்ம ஊர்க்காரங்களோடது.

சுவாரஸ்யமான இடம் இதுதான். 1950 வாக்குல பிரிட்டன்ல இன்ஜினை முன்னாடி இருந்து எடுத்து, தரைக்கு அடியில படுக்க வச்சாங்க. லேலண்ட் ராயல் டைகர் அப்படி வந்ததுதான். முன்பக்கம் காலியானதும் கதவை டிரைவர் பக்கத்துக்கே கொண்டுவந்தாங்க. பர்லிங்ஹாம் சீகல் மாதிரி வழவழன்னு அழகான கூண்டுகளும் வந்துச்சு.

நாம மாறல. இன்ஜின் முன்னாடியே இருந்துச்சு. அதை முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். லாரியோட உதிரி பாகமே பஸ்ஸுக்கும் ஆகும். நத்தம் ரோட்டுல நடுவழியில நின்னா, பெட்டியைத் திறந்து அங்கேயே கை வைக்கலாம். விலையும் குறைவு.

ஆனா அந்தச் சூட்டையும் சத்தத்தையும் நாள் முழுக்க வாங்குறது டிரைவர். லாரிச் சட்டத்து உயரத்துக்கு ஏற வேண்டியது பயணி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல பூ மூட்டையோட ஏறுற அம்மாக்களைப் பாருங்க. முதல் படியே முழங்கால் உயரம். ஒரு கை கம்பியில, ஒரு கை மூட்டையில, பின்னாடி கண்டக்டர் விசில். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் போராடினதுக்கு அப்புறம் 2024ல சென்னைக்குப் புது தாழ்தளப் பேருந்துகள் வந்துச்சு. மொஃபசல் ரூட்டுல பெரும்பாலும் இன்னும் அதே படிதான்.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. 1972ல பஸ்கள் அரசுடைமையானப்போ மதுரை, திண்டுக்கல் பக்கம் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி தனியார் முதலாளிகள் ஓட்டின வண்டிகளோட கூண்டுகள்ல எத்தனை இன்னைக்கு மிச்சம் இருக்கு? வீட்டுப் பழைய ஆல்பத்துல தாத்தா பஸ் முன்னாடி நிக்கிற போட்டோ இருந்தா, தாத்தாவோட சேர்த்து அந்த பஸ்ஸையும் கொஞ்சம் உத்துப் பாருங்க. கூண்டு கட்டினவர் பேர் எங்கேயாவது சின்னதா எழுதியிருக்கும்.