கத்தியா? காத்திருப்பா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. இடுப்பிலே புறப்பட்டுக் குதிகால் வரை இறங்கும் நரம்பு வலியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு வீக்கம் இல்லை, காயம் இல்லை, கட்டும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு ஆள் நன்றாகவே இருப்பான். ஆனால் அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால் தொடையின் பின்புறம் சூட்டுக்கோல் இழுத்தாற்போல் எரியும்.

கடந்த ஏழு மாதங்களாக எனக்கு இவ்வலி உண்டு. அரசு மருத்துவமனையில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலக் காகிதம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. ஆகவே என் நோயை நானே படித்து, நானே வீட்டாருக்கு விளக்க வேண்டியதாயிற்று. "அறுவை சிகிச்சை பற்றி வீட்டில் கலந்து பேசுங்கள்" என்று மருத்துவர் சொன்ன பிறகு, அவரிடம் கேட்டறிந்தவற்றையும் தேடிப் படித்தவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். நம் கல்லூரியில் வேறு எவருக்கேனும், அல்லது அவர் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கேனும் இவை பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதுகின் அமைப்பு

நமது முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. 33 முள்ளெலும்புகள் அடுக்கிய அடுக்கு அது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று இணைந்துவிட்டவை. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்ற ஒரு வட்டு இருக்கிறது. இதைத்தான் மருத்துவர் 'டிஸ்க்' என்கிறார். நம் ஊர்களில் 'ஜவ்வு' என்பார்கள். இத்தகைய ஜவ்வுகள் 23 உள்ளன. ஒவ்வொன்றிலும் வெளியே நார்நாரான உறுதியான வளையம், உள்ளே கூழ் போன்ற பொருள். வளையத்தில் விரிசல் ஏற்பட்டால் உள்ளிருக்கும் கூழ் வெளியே பிதுங்குகிறது. 'டிஸ்க் விலகிவிட்டது' என்று நாம் சொல்வது இதைத்தான். உண்மையில் ஜவ்வு முழுவதும் இடம் பெயர்வதில்லை. ஓரம் பிதுங்குகிறது, அவ்வளவே.

பிதுங்கல் பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான் நேர்கிறது. உடலின் பாரம் முழுவதும் வந்து இறங்கும் இடம் அது.

ஒரு நெம்புகோல் கணக்கு

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இவ்விடத்தில் நமது முதலாண்டுப் பாடம் கைகொடுத்தது. குனிந்து 20 கிலோ எடையைத் தூக்குகிறோம் என்று கொள்வோம். அந்த எடை முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருக்கிறது. அதைச் சமன் செய்யும் முதுகுத் தசைகளோ எலும்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால்தான் உள்ளன. 20-ஐ 40-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 160. அதாவது அந்த எடைக்காக மட்டும் தசைகள் 160 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுக்கவேண்டும். அந்த இழுவை முழுவதும் ஜவ்வின் மேல் அழுத்தமாக விழுகிறது. எடையை உடம்போடு அணைத்துப் பிடித்தால் தூரம் குறைகிறது, அழுத்தமும் குறைகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1999-இல் ஜெர்மனியில் ஆய்வாளர்கள், தாமாக முன்வந்த ஒருவரின் இடுப்பு ஜவ்வுக்குள் நுண்ணிய கருவியைப் பொருத்தி அளந்தே பார்த்தனர். படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல்; நிற்கையில் 0.5, முதுகை வளைத்து 20 கிலோ தூக்குகையில் 2.3, முழங்காலை மடக்கி முதுகை நிமிர்த்தித் தூக்குகையில் 1.7. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவுதான் எனினும், நெம்புகோல் விதி நம் உடலையும் விட்டுவைக்கவில்லை என்பது புலனாகிறது.

அப்படியானால் சுமை தூக்குவோர்க்கெல்லாம் இந்நோய் வரவேண்டுமே என்று கேட்கலாம். என் தந்தையார் முப்பது ஆண்டுகளாக அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். அவருக்கு இவ்வலி இல்லை. மூட்டை சுமக்கக் கூடாதென்று கல்லூரிக்கு அனுப்பப்பட்ட எனக்குத்தான் வந்திருக்கிறது! பின்லாந்து நாட்டில் ஒரே கருவில் பிறந்த இரட்டையரை ஆராய்ந்து 1995-இல் வெளியான முடிவு இதற்கு விடை தருகிறது. ஜவ்வு தேய்வதில் செய்யும் வேலையை விடப் பிறப்புவழிக் கூறுகளின் பங்கே பெரிது என்று அது காட்டிற்று. ஆகவே இன்ன நாளில் இன்ன பொருளைத் தூக்கியதால் வந்தது என்று எவரையும் பழி சொல்ல வேண்டியதில்லை.

இடுப்பில் கோளாறு, காலில் வலி!

இடுப்புப் பகுதியிலிருந்து கிளம்பும் சில நரம்பு வேர்கள் ஒன்றுகூடி, பிட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்குகின்றன. மனித உடலிலேயே தடித்த நரம்பு இதுவே. பிதுங்கிய ஜவ்வு இதன் வேர் ஒன்றைத் தொட்டு உறுத்தினால், கோளாறு இடுப்பில் இருந்தாலும் வலி காலில் தெரிகிறது. மின்கம்பியில் ஓரிடத்தில் பழுது, விளக்கு அணைவது வேறிடத்தில் என்பது போல. இதற்குச் சியாட்டிகா என்று பெயர்.

1764-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் கோட்டுன்யோ இது நரம்பைச் சார்ந்த நோய் என்று நூல் எழுதினார். ஆனால் குற்றவாளி ஜவ்வுதான் என்று மருத்துவ உலகை ஏற்கச் செய்தவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இருவர், ஆண்டு 1934. இன்று பரவலாக நடைபெறும் டிஸ்க் அறுவை சிகிச்சைக்கு வழி திறந்தது அவர்களது கட்டுரையே.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

ஸ்கேன் அறிக்கையில் 'டிஸ்க் புரோட்ரூஷன்' என்று கண்டதும் எங்கள் வீட்டில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, 27 விழுக்காட்டினருக்கு அதே பிதுக்கம் இருந்தது. அவர்கள் நலமாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். எனவே படத்தை மட்டும் கொண்டு கத்தி எடுப்பதில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்க்கிறார் மருத்துவர். குதிகாலால் நடக்கச் சொல்கிறார். ஒற்றைக் காலின் முன்பாதத்தில் எழும்பி நிற்கச் சொல்கிறார். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கிறார். இச்சோதனைகளும் படமும் ஒரே நரம்பைச் சுட்டினால்தான் நோய் உறுதியாகிறது. எனக்கு இரண்டும் ஒத்திருந்தன.

காத்திருந்தால்?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். எங்கள் வீட்டில் இரு கட்சிகள். "முதுகுல கத்தி வச்சா அப்புறம் எந்திரிக்கவே முடியாதாம்டா" என்பது அம்மாவின் அச்சம். "அறுத்து எறிஞ்சிட்டா ஒரே நாளில் சரியாகும்" என்பது மாமாவின் துணிவு. இரண்டும் முழு உண்மை அல்ல என்பதே நான் அறிந்தது.

பிதுங்கிய கூழை உடலே அந்நியப் பொருளாகக் கருதி, மெல்ல மெல்லக் கரைத்துவிடுவது உண்டு. அதனால்தான் பெரும்பாலோர்க்கு முதல் சில வாரங்களிலேயே வலி தணிகிறது. படுக்கையிலேயே கிடக்கவும் தேவையில்லை. 1999-இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் படுக்கையில் இருந்தோர், வழக்கம்போல் நடமாடியோர் ஆகிய இரு சாராரிலும் 12 வாரத்தில் 87 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். படுத்துக் கிடந்ததால் தனிப் பலன் இல்லை.

அதே நாட்டில் 2007-இல் வெளியான இன்னோர் ஆய்வு, வலி தொடங்கி 6 முதல் 12 வாரம் ஆன 283 பேரைப் பற்றியது. ஒரு பாதியினருக்கு விரைவில் அறுவை சிகிச்சை, மறுபாதியினருக்குக் காத்திருப்பு. முதல் சாரார் நடுமதிப்பாக 4 வாரத்தில் தேறினர். காத்திருந்தோர்க்கு 12 வாரம் ஆயிற்று. ஆனால் ஓராண்டு முடிவில் இரு சாராரிலும் 95 விழுக்காட்டினர் நலம்! காத்திருந்தோரில் 39 விழுக்காட்டினர் வலி தாளாமல் இடையில் அறுவைக்குச் சென்றனர் என்பதையும் மறைக்கக்கூடாது.

கத்தி வைத்தால்?

அப்படியானால் எப்போதும் காத்திருப்பதே நன்று என்று முடிவு கட்டலாமா? கூடாது. 2020-இல் கனடாவில் வெளியான ஆய்வு, 4 முதல் 12 மாதம் வரை கால்வலி நீடித்த 128 பேரைப் பற்றியது. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டபோது, ஆறு மாதத்திற்குப் பின் அறுவை சிகிச்சைப் பிரிவினர் 2.8 என்றனர், மற்றவர்கள் 5.2 என்றனர். ஆகவே கத்தி நல்லதா கெட்டதா என்பதன்று கேள்வி. எந்த மாதத்தில் அக்கேள்வியைக் கேட்கிறோம் என்பதே கேள்வி. இரண்டாம் மாதத்தில் காத்திருப்பு அறிவுடைமை; ஏழாம் மாதத்தில் அதே காத்திருப்பு வீண் துன்பமாகலாம்.

சிகிச்சையைப் பற்றியும் சில சொற்கள். முதுகைப் பிளப்பதில்லை. சிறு கீறலின் வழியே, நுண்ணோக்கியின் துணையுடன், நரம்பை உறுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கிறார்கள். கால்வலிக்குத்தான் இதில் நல்ல பலன். இடுப்புவலிக்கு அவ்வளவு உறுதி இல்லை. கிருமித் தொற்று, நரம்புறை கிழிதல், அரிதாக நரம்புக் காயம் ஆகிய ஆபத்துகள் உண்டு. அதே ஜவ்வு மீண்டும் பிதுங்குவதும் சிலருக்கு நேர்கிறது.

அன்றாட வாழ்க்கை

இதற்கிடையில் நாளை ஓட்டியாக வேண்டுமே! ஒரே நிலையில் நீண்ட நேரம் இருப்பதே எனக்குப் பகை. ஆகையால் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, வகுப்பின் பின்சுவரோரம் நின்று பாடம் கேட்கிறேன். காலையும் மாலையும் இருபது நிமிடம் நடை. இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்த பயிற்சிகளைப் பாயில் செய்கிறேன். பேருந்தில் கடைசி இருக்கை தூக்கிப் போடும். அதைத் தவிர்த்து நடுப்பகுதியில் நிற்கிறேன். கீழே கிடக்கும் பொருளை முழங்காலை மடக்கி எடுக்கிறேன்.

ஊரில் 'வாயுப் பிடிப்பு' என்று கூறி எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுப்பார்கள். தசை இறுக்கத்திற்கு அது இதமே. ஆனால் முதுகில் ஏறி மிதிப்பதற்கும், இடுப்பை வலிந்து முறுக்குவதற்கும் ஒருபோதும் இடம் தரவேண்டாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார்.

ஒரு நாளும் பொறுக்கலாகாதவை

சிறுநீர் கழிக்க முடியாமை அல்லது அடக்க முடியாமை, மலம் அடக்க முடியாமை, இருசக்கர வண்டியின் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போதல், இரு கால்களும் பலம் இழத்தல் - இவற்றில் ஒன்று வந்தாலும் அது நடு இரவேயாயினும் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டாலும் அன்றே காட்டவேண்டும். முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால், அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

என் முடிவு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆகவே பணத்தை விட நாள்களே எங்களுக்குப் பெரிய கணக்கு. என்னோடு மருத்துவமனையில் அம்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். ஏப்ரலில் செய்முறைத் தேர்வு. அதைத் தவறவிட்டால் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் ஓராண்டு தள்ளிப் போகும். இவற்றை எல்லாம் மருத்துவரிடம் சொன்னேன். பாதத்தில் பலம் குறையாததால் தேர்வு முடியும் வரை பொறுக்கலாம், பலம் குறைந்தால் உடனே வரவேண்டும் என்றார். நாள்தோறும் காலையில் வலது காலின் முன்பாதத்தில் பத்து முறை எழும்பி நின்று பார்க்கிறேன். தேர்வு முடிந்ததும், வலி இதே நிலையில் இருந்தால், சிகிச்சைக்குச் சேர்வதென்று முடிவு செய்துள்ளேன். கனடா நாட்டுக் கணக்கை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அச்சம் முழுதும் நீங்கவில்லை எனினும், "நீ படிச்சவன், நீயே பாத்துச் சொல்லு" என்று சம்மதித்தார்கள்.

நின்றபடியே பாடம் கேட்க அனுமதித்த பேராசிரியப் பெருமக்களுக்கும், ஆய்வுக்கூடத்தில் கனமான கருவிகளை என்னைத் தூக்கவிடாமல் தாமே எடுத்துவைத்த வகுப்புத் தோழர்களுக்கும் என் நன்றி உரியது. இவ்வலியுடன் நடமாடுவோர் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். வலி தொடங்கிய நாளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளவேண்டும். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை நாளாய்?" என்பதே.