வேகம் அளக்கப் போய் விழும் புரோகிராம்

புரோகிராம் மெதுவாக ஓடுகிறது. எந்த ஃபங்ஷன் நேரத்தை விழுங்குகிறது என்று பார்க்க, ஜிசிசி கம்பைலரின் ‘பிஜி’ போன்ற ஓர் ஆப்ஷனைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்கிறோம். மூலநிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் சில சமயம் ஓடத் தொடங்கியதுமே கிராஷ் ஆகிவிடுகிறது.

மாறாதது மூலநிரல் மட்டும்தான். ‘பிஜி’ சேர்த்தால், ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் ‘எம்கவுன்ட்’ என்ற இன்னொரு ஃபங்ஷனுக்கு அழைப்பைக் கம்பைலர் செருகிவிடுகிறது. எது எதை அழைத்தது என்று அது குறித்துக்கொள்ளும். 1982இல் கிரஹாம், கெஸ்லர், மெக்கூசிக் ஆகியோர் விவரித்த ‘ஜிப்ரோஃப்’ கருவி இப்படிச் சேரும் குறிப்பைக் கொண்டுதான் கணக்குச் சொல்கிறது.

குறிப்பெடுக்கும் ஃபங்ஷனை நாமே எழுதவும் ஜிசிசியில் வேறொரு ஆப்ஷன் உண்டு. அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஃபங்ஷனையும் அதே ஆப்ஷனோடு கம்பைல் செய்தால், அதன் தொடக்கத்திலும் அழைப்பு சேரும். அது தன்னையே அழைத்து அழைத்து ஸ்டாக்கை நிரப்பிவிடும். டீபக்கரில் ஒரே பெயர் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்தால் காரணம் இதுதான். அந்த ஃபங்ஷன் உள்ள ஃபைலை மட்டும் ஆப்ஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் போதும்.

லினக்ஸ் கெர்னலிலும் எம்கவுன்ட் வேலை செய்திருக்கிறது. 2008இல் 2.6.27 பதிப்பு உருவானபோது, சில இன்டெல் நெட்வொர்க் கார்டுகளின் நிரந்தர நினைவகத்திலிருந்த தகவல் சிதைந்து, கார்டே பயன்படாமல் போனது. முதல் சந்தேகம் அந்தக் கார்டுகளை இயக்கும் இ1000இ டிரைவர் மேல் விழுந்தது. உண்மையான குற்றவாளி, ஃபங்ஷன் அழைப்புகளைத் தடமறியும் கெர்னல் வசதியான ‘எஃப்ட்ரேஸ்’. எம்கவுன்ட் அழைப்புகளின் முகவரிகளைக் குறித்துவைத்து, வேகம் குறையாதிருக்கப் பிறகு அங்கே வெற்றுக் கட்டளைகளை எழுதுவது அதன் முறை. வேலை முடிந்த மாட்யூல் கோடு நினைவகத்திலிருந்து நீங்கிய பின்னும் அதன் முகவரி பட்டியலில் தங்கிவிட்டது. அதே முகவரி பிறகு கார்டின் நினைவகத்துக்குப் போனது. எழுதுமுன் பழைய அழைப்பு அங்கே இருக்கிறதா என்று எஃப்ட்ரேஸ் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பயன்பட்ட பிராசஸர் கட்டளை, ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் படித்ததையே திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்துக்கு அதனால் கேடில்லை. கார்டின் நினைவகம் அதைத் தாங்கவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரிலேயே வந்த 2.6.27.1, எஃப்ட்ரேஸின் இந்த மாற்றி எழுதும் வசதியை முடக்கிவிட்டது.