ஆங்கிலத்தில் இணை இணைப்புச்சொற்களும் எழுவாய் – வினை இயைபும்

ஆங்கிலத்தில் இரண்டு பகுதிகளாகப் பிரிந்து நின்று ஒரே வேலையைச் செய்யும் இணைப்புச்சொற்கள் இணை இணைப்புச்சொற்கள் எனப்படும். 'போத் – அண்ட்', 'ஈதர் – ஓர்', 'நைதர் – நோர்', 'நாட் ஒன்லி – பட் ஆல்சோ' ஆகிய நான்கும் இவற்றுள் மிகுதியாக வழங்குபவை. இவை இரண்டு எழுவாய்களை இணைக்கும்போது வினையை ஒருமையில் எழுதுவதா, பன்மையில் எழுதுவதா என்ற ஐயம் மாணவர்களுக்கு எழுவதுண்டு. தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாக்களில் மதிப்பெண் குறைவதும் இந்த இடத்தில்தான்.

(இக்கட்டுரையில் 'ஓர்' என்பது 'அல்லது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் குறிக்கும். 'ஆர்' என்பது 'இஸ்' என்னும் ஒருமை வினையின் பன்மை வடிவம்.)

கூட்டும் இணை

'போத் – அண்ட்' இரண்டு எழுவாய்களையும் ஒன்றாகக் கூட்டுகிறது. எனவே வினை எப்போதும் பன்மையில் வரும்.

• போத் ரவி அண்ட் மாலா ஆர் ரெடி. (ரவியும் மாலாவும் தயாராக இருக்கிறார்கள்.)

கூட்டாத இணைகள்

மற்ற மூன்று இணைகளும் எழுவாய்களைக் கூட்டாமல் தனித்தனியே நிறுத்துகின்றன. ஆகவே வினை தனக்கு அருகில் உள்ள எழுவாயைப் பின்பற்றும்.

• நைதர் ரவி நோர் மாலா இஸ் ரெடி. (இரண்டும் ஒருமை, வினையும் ஒருமை.)
• ஈதர் தி டீச்சர் ஓர் தி ஸ்டூடண்ட்ஸ் ஹேவ் தி கீ. (அருகில் இருப்பது பன்மை.)
• ஈதர் தி ஸ்டூடண்ட்ஸ் ஓர் தி டீச்சர் ஹேஸ் தி கீ. (அருகில் இருப்பது ஒருமை.)
• நைதர் ஹி நோர் ஐ ஆம் ரெடி. (அருகில் இருப்பது தன்மை இடம்.)

'அருகில்' என்பதை 'இரண்டாவது' என்று புரிந்துகொள்ளக் கூடாது. வினாத் தொடரில் துணைவினை முன்னால் வருவதால் முதல் எழுவாயே அதற்கு அருகில் அமையும்: இஸ் ஈதர் ரவி ஓர் ஹிஸ் பிரண்ட்ஸ் ரெடி?

ஒருமையும் பன்மையும் கலந்து வந்தால் பன்மையை வினைக்கு அருகில் அமைப்பது நல்லது. தொடர் காதுக்கு இயல்பாக ஒலிக்கும்.

தமிழர் தவறுவது ஏன்?

'ரவியும் வரவில்லை, மாலாவும் வரவில்லை' என்கிறோம். 'வரவில்லை' என்ற வினை நான், நீ, அவன், அவர்கள் என எந்த எழுவாயோடும் மாறாமல் நிற்கும். எனவே 'நைதர் – நோர்' வரும் இடத்தில் ஒருமை, பன்மை பார்க்கும் பழக்கம் நமக்குத் தமிழிலிருந்து கிடைப்பதில்லை.

இன்னொரு தவறும் இதிலிருந்தே பிறக்கிறது. தமிழில் எதிர்மறைப் பொருள் வினையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'நைதர்' என்ற சொல்லிலேயே அது அடங்கிவிடுகிறது. ஆகவே 'நைதர் ரவி நோர் மாலா டிட் நாட் கம்' என்பது பிழை. 'நைதர் ரவி நோர் மாலா கேம்' என்பதே சரி.

'நாட் ஒன்லி – பட் ஆல்சோ' இணைக்குத் தமிழே கைகொடுக்கும். 'மாணவர்கள் மட்டுமல்லாமல் ஆசிரியரும் வந்தார்' என்னும்போது வினை, அருகில் உள்ள ஆசிரியரோடு இயைகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: நாட் ஒன்லி தி ஸ்டூடண்ட்ஸ் பட் ஆல்சோ தி டீச்சர் இஸ் ரெடி.

இணை போலத் தோன்றுபவை

'அஸ் வெல் அஸ்', 'அலாங் வித்', 'டுகெதர் வித்' ஆகியவை இணை இணைப்புச்சொற்கள் அல்ல. இவற்றுக்குப் பின் வரும் பெயர் வினையை மாற்றாது. முதல் எழுவாயே வினையைத் தீர்மானிக்கும்.

• தி டீச்சர், அஸ் வெல் அஸ் தி ஸ்டூடண்ட்ஸ், இஸ் ரெடி.

பொருளில் 'ஆசிரியரும் மாணவர்களும்' என்று தோன்றுவதால் பலர் இங்கே 'ஆர்' என எழுதிவிடுகின்றனர்.

சரிபார்க்கும் வழி

தொடரை எழுதியதும் இணைப்புச்சொல்லை முதலில் பாருங்கள். 'போத் – அண்ட்' என்றால் பன்மை. 'அஸ் வெல் அஸ்' போன்றவை என்றால் முதல் எழுவாய். மற்ற மூன்று இணைகள் என்றால், தொலைவில் உள்ள எழுவாயை விரலால் மறைத்துவிட்டு, எஞ்சிய எழுவாயோடு வினையைப் படித்துப் பாருங்கள். அது பொருந்தினால் தொடர் சரி.