இறுகிப்போன இடது பெடலும் விசையின் திருப்பமும்



“ஸ்பனரின் பிடி நீளமாக இருப்பதன் நன்மை யாது?” என்று கேட்டால் உங்களில் அநேகமானோர் “இலகுவாகத் திருப்பலாம்” என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். விடை பிழையல்ல. ஆனால் ஏன் இலகு என்று சொல்லாதவருக்கு முழுப் புள்ளி கிடைக்காது.

நான் கலைப் பட்டதாரி. மாலை வகுப்பில் தமிழும் வரலாறும் சொல்லித் தருபவன். இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். சைக்கிள் பெடல் ஒன்றைக் கழற்றப்போய், அதைக் கழற்றவே முடியாதபடி இறுக்கி வைத்த தகுதிதான்.

எனது சைக்கிளின் இடது பெடல் தேய்ந்து கிறீச்சிட்டது. புதியதை வாங்கிக்கொண்டு வந்து, எல்லா நட்டையும் போல இதையும் இடஞ்சுழியாகத் திருப்பினேன். அசையவில்லை. ஸ்பனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி மீண்டும் அதே பக்கமாக அழுத்தினேன். சிறிது அசைந்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. அப்போது வகுப்புக்கு வந்த பதினோராம் தர மாணவன் ஒருவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “சேர், அது இடது பக்கப் பெடலல்லவா? நீங்கள் இறுக்குகிறீர்கள்” என்றான்.

அவன் சொன்னது சரி. வலது பெடலின் புரி சாதாரணப் புரி; இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பெடலின் புரி எதிர்ப்புரி. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இரண்டையும் மனனம் செய்யத் தேவையில்லை. ஸ்பனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்சில்லுப் பக்கமாக இழுத்தால் எந்தப் பெடலும் கழலும். முன்சில்லுப் பக்கமாக இழுத்தால் இறுகும்.

எதிர்ப்புரி எதற்கு? ஒரு கையை மூடி, அதன் துளையில் பென்சில் ஒன்றைத் தளர்வாகச் செருகுங்கள். பென்சிலின் நுனியைப் பக்கவாட்டில் அழுத்தியபடியே வட்டமாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நீங்கள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் பென்சில் தன்னைத் தானே மெல்லச் சுழலும். நாம் மிதிக்கும் சுமையும் பெடலின் அச்சை இவ்வாறே சுற்றிச் சுற்றி அழுத்துகிறது. இரு பக்கமும் ஒரே புரியாக இருந்தால் இடது பெடல் ஓட ஓடத் தானாகவே கழன்று விழும்.

இனி என் தவற்றைக் கணக்கிடுவோம். விசையின் திருப்பம் என்பது விசையையும், சுழலும் புள்ளியிலிருந்து அவ்விசையின் தாக்கக்கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தையும் பெருக்க வருவது. 20 சென்ரிமீற்றர் ஸ்பனரில் 200 நியூற்றன் விசை கொடுத்தால் திருப்பம் 0.2 × 200 = 40 நியூற்றன் மீற்றர். பெடல் ஒன்றுக்கு ஏறத்தாழ இவ்வளவு போதும். குழாயைச் செருகியதும் தூரம் 60 சென்ரிமீற்றர் ஆயிற்று. அதே கை, அதே 200 நியூற்றன். திருப்பமோ 120 நியூற்றன் மீற்றர். மூன்று மடங்கு! எனக்குக் கை நோகவுமில்லை. குழாயின் ஆபத்து அதுதான்.

“செங்குத்துத் தூரம்” என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். பிடிக்கு 30 பாகை சாய்வாகத் தள்ளினால் அத்தூரம் பாதியாகும், திருப்பமும் பாதியாகும். வினாத்தாளில் சாய்ந்த அம்புக்குறியைக் கண்டும் பிடியின் முழு நீளத்தால் பெருக்குபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இவ்வளவு இறுகியதை எது பிடித்து வைத்திருக்கிறது? உராய்வு. இறுக்க இறுக்க அச்சின் தோள் கிராங்கை நெருக்குகிறது. அச்சு மிகச் சிறிதளவு இழுபடுகிறது. புரிகளுக்கிடையே செவ்வன் மறுதாக்கம் கூடுகிறது. அதற்கேற்ப எல்லை உராய்வும் கூடுகிறது. துரு ஏறியிருந்தால் இன்னும் மோசம். ஆகவே முதல் வேலை பலத்தைக் காட்டுவதல்ல, எண்ணெய் விடுவது. புரிகளை நன்றாகத் துடைத்து, கிராங்கின் உட்பக்கத்திலிருந்தும் வெளிப்பக்கத்திலிருந்தும் மெல்லிய எண்ணெய் விட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள்.

மறுநாளும் அசையாவிட்டால் கொதிநீர். எனது கிராங் அலுமினியம், பெடலின் அச்சு உருக்கு. ஒரு பாகை செல்சியசுக்கு அலுமினியத்தின் நீள விரிவு ஏறத்தாழ 0.000023, உருக்கினது 0.000012. வெப்பநிலை 70 பாகை உயர்ந்தால், 14 மில்லிமீற்றர் துளை அச்சைவிட 0.01 மில்லிமீற்றர் அளவு கூடுதலாக விரியும். அற்பந்தான், ஆனால் இறுக்கம் தளர உதவும். “சூடாக்கினால் துளை சுருங்கும்” என்று எழுதாதீர்கள். உலோகத்தோடு துளையும் விரியும். கிராங்கும் உருக்காக இருந்தால் இவ்வழியால் பெரும் பயனில்லை. நீரைப் பெரியவர் ஒருவரைக் கொண்டு ஊற்றுவியுங்கள். கிராங்கைக் கையால் தொடாதீர்கள்.

பின்பு 15 மில்லிமீற்றர் ஸ்பனரை முழுமையாக உள்ளே தள்ளி மாட்டினேன். வாய் தளர்ந்த ஸ்பனர் அச்சின் தட்டையான பக்கங்களை உருட்டிவிடும். அதன்பின் எந்த நீளமும் உதவாது. மாணவன் வலது பெடலை அசையாமல் பிடித்துக்கொண்டான், ஏனெனில் கழற்றும் திசையில் கிராங் தடையின்றிப் பின்னோக்கிச் சுற்றும். அதே குழாய், இம்முறை பின்சில்லுப் பக்கமாக. “டக்” என்று ஒரு சத்தம். அதன்பிறகு விரலாலேயே கழன்றது. எல்லை உராய்வைவிட இயக்க உராய்வு குறைவு என்பதோடு, நெருக்கமும் அந்த முதல் அசைவிலேயே விட்டுப்போனது.

புரி நல்லவேளையாகப் பழுதாகவில்லை. புதிய பெடலின் புரியில் கிறீஸ் பூசி, முதற் சில சுற்றுக்களைக் கையாலும், மீதியை வெறும் ஸ்பனராலும் திருப்பினேன். குழாயைச் சைக்கிளருகே கொண்டுவரவில்லை.

பயிற்சி: ஒரு நட்டைத் தளர்த்த 60 நியூற்றன் மீற்றர் திருப்பம் தேவை. (1) 15 சென்ரிமீற்றர் ஸ்பனரின் நுனியில் செங்குத்தாகக் கொடுக்கவேண்டிய விசை யாது? (2) குழாய் செருகி 50 சென்ரிமீற்றர் ஆக்கினால் விசை யாது? (3) இரண்டாவது சந்தர்ப்பத்தில் 30 பாகை சாய்வாகத் தள்ளினால் யாது?

விடைகள்: 400 நியூற்றன், 120 நியூற்றன், 240 நியூற்றன்.