உதிர்ந்த இலையில் கற்கும் கணக்கு



கல்வி என்பது ஏட்டிலும் எழுத்திலும் தொடங்குவதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். எழுத்துக்கு முன்னரே குழந்தை எவ்வளவு கற்கிறது என்பதை, ஜெர்மானிய மழலையர் பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் நிகழும் விளையாட்டுகளைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்னும் பெயரை 1840-ஆம் ஆண்டில் வழங்கியவர் பிரெடரிக் புரோபெல். 1782-இல் பிறந்த அவர், இளமையில் வனத்தொழில் பயின்றார். பின்னர் பெர்லினில் படிகக் கற்களை ஆராய்ந்தார். மரத்தின் வளர்ச்சியையும் படிகத்தின் ஒழுங்கையும் கண்டறிந்த அவர், குழந்தையின் விளையாட்டிலும் அவ்விரண்டும் உண்டெனத் தெளிந்தார். கம்பளிப் பந்துகளையும், எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் மரக் கனசதுரத்தையும் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்தார். செடி வளர்க்கச் சிறு பாத்திகளும் அளித்தார்.

அந்நாட்டில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது, இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. மேப்பிள் போன்ற சில மரங்களில் செந்நிறப் பொருள் புதிதாகவே தோன்றுகிறது. குழந்தைகள் கூடையேந்திச் சென்று, உதிர்ந்த இலைகளையும் கருவாலிக் கொட்டைகளையும், நம் புளியங்கொட்டையினும் பெரியவான குதிரைச் செஸ்ட்நட் கொட்டைகளையும் பொறுக்கி வருகின்றனர்.

வகுப்பறையில் இலைகளை நிறவாரியாகப் பிரிக்கின்றனர், இது வகைப்படுத்துதல். சிறியது முதல் பெரியது வரை வரிசையாக வைக்கின்றனர், இது ஒப்பிடுதல். இலைக்கு ஒரு கொட்டையாக வைத்துப் பார்க்கின்றனர். எண்ணுதலின் அடிப்படை இதுவே. இலைமேல் தாளை விரித்து வண்ணக்கோலால் தேய்க்க, நரம்புகள் தாளில் பதிகின்றன. ஆசிரியை துளையிட்டுத் தந்த கொட்டைகளில் குச்சிகளைச் செருகிப் பொம்மை செய்கையில், பின்னாளில் எழுதுகோல் பற்றவேண்டிய விரல்கள் வலுப்பெறுகின்றன. தாம் செய்த காகித விளக்குகளை நவம்பர் 11-ஆம் நாள் மார்ட்டின் திருநாளையொட்டி ஏந்தி, பாடிக்கொண்டு ஊர்வலம் செல்கின்றனர்.

இத்தகைய பள்ளிகளுக்கும் இடையூறு நேர்ந்தது. அவை சமயத்துக்கும் அரசுக்கும் கேடு சூழ்வன என்று ஐயுற்ற பிரஷ்ய அரசு, 1851-இல் அவற்றைத் தடை செய்தது. மறு ஆண்டே புரோபெல் மறைந்தார். 1860-இல் தடை நீங்கியதைக் காண அவர் உயிரோடில்லை.

அரசின் தடை நீங்கிற்று. ஆனால் பெற்றோரின் அவசரம் இன்றும் தடையாக நிற்கிறது. மூன்று வயதுக் குழந்தை கல்லையும் விதையையும் அடுக்கி விளையாடும்போது, "வீண்பொழுது போக்காதே, வந்து எழுது" என்று அழைப்போர் பலர். ஆறும் ஏழும் கூட்டத் தெரிந்தும், எது அதிகம் என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளை என் ஆசிரியப் பணியில் நான் கண்டதுண்டு. அவர்கள் எண்ணின் பெயரை அறிந்திருந்தனர். அதன் அளவைக் கையால் அறியவில்லை.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். பலருக்கு வீட்டில் தம்பி தங்கையர் இருப்பார்கள். அவர்கள் தரையில் எதையேனும் பரப்பி அடுக்கக் கண்டால், கலைத்துவிடாதீர்கள். அருகிலமர்ந்து, "ஏன் இப்படிப் பிரித்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் கூறும் விடையில் கணக்கின் முதற்பாடம் இருக்கும்.